குடலிறக்கப் பைக்குள் ஒரு கருப்பை

ஆணின் தொடையிடுக்கில் வரும் குடலிறக்கப் பையைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் குடலின் ஒரு வளைவு, இல்லையேல் வயிற்றுக் கொழுப்பின் ஒரு மடிப்பு. மிக அரிதாக அங்கே ஒரு கருப்பையும் இரண்டு கருக்குழாய்களும் இருக்கின்றன. மேசையில் படுத்திருப்பவர் ஆண்தான். மீசை, குரல், ஆணுறுப்பு, குரோமோசோம் எதிலும் ஐயமில்லை. சிலர் பிள்ளை பெற்றவர்கள். இந்திய மருத்துவர்கள் 2014இல் ஓர் அறுவை மருத்துவ இதழில் எழுதிய நோயாளிக்கு வயது 70. நான்கு குழந்தைகளின் தந்தை. குடலிறக்கத்துக்காக வந்தவரிடம் வளர்ச்சி குன்றிய கருப்பை இருந்தது.

இதற்கு மருத்துவ நூல்களில் முல்லேரியன் நாளம் மறையாமை என்று பெயர். 1939இல் நில்சன் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையில் இதை ஆணின் கருப்பை இறக்கம் என்று குறித்தார். பிரான்சில் நத்தாலி ஜோசோவும் அவருடைய குழுவினரும் பல நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாகத் திரட்டிய விவரங்கள் 2017இல் ஒரே கட்டுரையாக வெளிவந்தன. அதில் இருந்த நோயாளிகள் 157 பேர். உலகிலேயே இதை அதிகம் பார்த்த ஒரு குழுவின் வாழ்நாள் கணக்கு அவ்வளவுதான். ஒரு பொது அறுவை மருத்துவர் தம் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான குடலிறக்கங்களைத் தைத்துவிட்டு, இதை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம்.

அரிதானது அந்தக் கருப்பை. அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் மிகச் சாதாரணமானது: ஒரு பக்கமோ இரு பக்கமுமோ வெறுமையாக இருக்கும் விரைப்பை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு விரை இறங்கியிருப்பதில்லை. முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாக இறங்கிவிடும். ஒரு வயதில் நூற்றுக்கு ஒருவரிடம் இறங்காமலே நிற்கும். இப்படி நிற்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கருப்பை கிடையாது. ஆனால் கருப்பை இருந்த ஆண்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் விரையின் இடத்தில் ஏதோ ஒரு கோளாறு, குழந்தைப் பருவத்திலேயே, கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் அறியக்கூடியதாக இருந்திருக்கிறது.

குடலிறக்கம் ஏன் வருகிறது என்பதற்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நிலையான விடை உண்டு: மூட்டை தூக்கியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ச் சரிவுகளில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பது, உர மூட்டையும் கொழுந்து மூட்டையும் சுமப்பது ஆண்கள். மூட்டையோடு மேடேறும்போது தொடையிடுக்கில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். மறுநாள் மீண்டும் வரும். வயதானவர்களுக்கு வயிற்றுச் சுவர் தளர்ந்து வரும் இறக்கத்தில் சுமைக்கும் நாள்பட்ட இருமலுக்கும் பங்கு உண்டு. இளைஞருக்கும் சிறுவருக்கும் வருவது வேறு வகை. அங்கே பிறப்பிலேயே மூடாமல் விட்டுப்போன ஒரு வாசல் இருக்கிறது. மூட்டை அந்த வாசலை உண்டாக்குவதில்லை, வெளியே தெரியச் செய்கிறது.

வாசல் எப்படி வந்தது என்பது விரையின் பயணக் கதை. விரை உருவாவது விரைப்பையில் அன்று. கருவின் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகில். அதைக் கீழே வழிநடத்தும் நார்க்கயிற்றுக்கு 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹன்ட்டர் பெயர் சூட்டினார். சுக்கான் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. விரை இறங்கும்போது வயிற்றின் உட்சவ்வு ஒரு விரலுறை போல அதற்கு முன்னே நீள்கிறது. இறங்கி முடிந்ததும் அந்த உறை மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதன் வழியே குடல் இறங்கும். வழி மிகக் குறுகியதாக இருந்தால் குடல் நுழையாது, நீர் மட்டும் இறங்கித் தேங்கும். ஊரில் ஓதம் என்று சொல்லப்படுவதும் குடலிறக்கமும் குழந்தைகளிடம் ஒரே மூலத்திலிருந்து வருபவை. வலப்பக்க விரை சற்றுப் பிந்தி இறங்குவதால், சிறுவரின் குடலிறக்கம் வலப்பக்கத்தில் அதிகம்.

ஆகவே குடலிறக்கப் பை என்பது விரை நடந்து வந்த பாதையே. அந்தப் பாதையைத் திறப்பவர் கருக்காலத்து வரலாற்றின் ஓர் ஏட்டைத் திறக்கிறார். ஆணுறுப்பு வளர்ச்சியில் நேர்ந்த பிழைகள், வேறெங்கும் வெளித்தெரியாதவை, இங்கே எழுதி வைத்ததுபோல் கிடக்கின்றன.

கருவின் முதல் சில வாரங்களில் ஆண், பெண் என்ற வேறுபாடு உறுப்புகளில் இல்லை. ஒவ்வொரு கருவிடமும் இரண்டு சோடி நாளங்கள் உண்டு. ஒன்று, 18ஆம் நூற்றாண்டு உடற்கூற்றறிஞர் காஸ்பர் வோல்ஃப் பெயரால் வோல்ஃபியன் நாளம். ஆணிடம் விந்துக்குழாயாக மாறுவது. மற்றது, 1830இல் யோகான்னஸ் முல்லர் விவரித்த முல்லேரியன் நாளம். பெண்ணிடம் கருக்குழாயும் கருப்பையுமாக மாறுவது. ஆண் கரு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: முதல் நாளத்தை வளர்க்க வேண்டும், இரண்டாவதை அழிக்க வேண்டும்.

இவை இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதைக் கண்டுபிடித்தது முயல். 1940களில் பாரிசில் ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட், சினை முயலின் கருப்பையைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டிக் கருவின் பாலினச் சுரப்பியை அகற்றிவிட்டுக் கருவை வளரவிட்டார். ஆண் கருவானாலும் பெண் கருவானாலும் சுரப்பி இல்லாதவை எல்லாம் கருப்பையோடும் கருக்குழாய்களோடும் வளர்ந்தன. பிறகு கருவுக்குள் ஆண் ஹார்மோனின் படிகம் ஒன்றை வைத்துப் பார்த்தார். விந்துக்குழாய் வளர்ந்தது, முல்லேரியன் நாளமோ அழியாமல் நின்றது. விரைத் திசுவையே ஒட்டு வைத்தபோதுதான் அழிந்தது. விரை இரண்டாவதாக இன்னொரு பொருளையும் சுரக்கிறது என்று 1947இல் அவர் முடிவு கட்டினார். அதை யாரும் பிரித்தெடுத்துப் பார்த்திருக்கவில்லை. கையில் இல்லாத பொருளின் இருப்பைத் தர்க்கத்தால் மட்டும் நிறுவிய அந்தச் சோதனை, கருவியல் வரலாற்றின் அழகான சோதனைகளில் ஒன்று.

மாடு வளர்ப்போருக்கு இதன் ஒரு பாதி வெகுகாலமாகத் தெரியும். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. இரு கன்றுகளின் நச்சுக்கொடி இரத்தமும் கலப்பதால், அண்ணன் கன்றின் சுரப்பு தங்கைக் கன்றின் உறுப்புகளைக் குன்றச் செய்கிறது என்று 1916இல் அமெரிக்காவில் ஃபிராங்க் லில்லி விளக்கினார். ஜோஸ்ட் ஊகித்த பொருள் அந்தக் கலப்பு இரத்தத்திலும் ஓடியது.

முல்லேரியன் எதிர்ப்பு ஹார்மோன் என்ற பெயருடைய அந்தப் பொருள், ஏ.எம்.எச். என்ற சுருக்கத்தில் இன்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமான சொல். குழந்தைப்பேறு மையங்களில் பெண்களிடம் ‘ஏ.எம்.எச். குறைவாக இருக்கிறது’ என்று சொல்லப்படும்போது அளக்கப்படுவது இதே ஹார்மோன். பெண்ணின் சினைப்பையில் அது முட்டை இருப்பைக் காட்டுகிறது. ஆண் கருவில் கருப்பையை அழிக்கிறது. விரையின் செர்ட்டோலி செல்கள் அதைச் சுரக்கத் தொடங்குவது கருவின் ஏழு, எட்டாம் வாரத்தில். நாளம் அதற்குச் செவிசாய்ப்பது ஏறக்குறைய பத்தாம் வாரம் வரைதான். அந்தக் குறுகிய கெடு தவறினால், பிறகு எவ்வளவு சுரந்தாலும் நாளம் அழியாது.

கெடு தவறாத ஆண்களிடமும் நாளம் அடையாளமின்றி மறைவதில்லை. விரையின் உச்சியில் பயறளவு ஒரு சிறு தொங்கல் பெரும்பாலான ஆண்களிடம் இயல்பாகக் காணப்படுவது. முல்லேரியன் நாளத்தின் மேல்முனை அது. பள்ளிச் சிறுவர்களிடம் சில வேளை அது முறுக்கிக்கொண்டு கடும் வலி தரும். கருப்பையின் மிச்சம் இருப்பதே ஆண்மைக்குக் கேடு என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு பயறு போதிய விடை.

ஹார்மோனின் மரபணு 1986இல் பிரித்தறியப்பட்டது. 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணு 12ஆம் குரோமோசோமில். முதலாவதில் பிழை இருப்பது 1991இலும் இரண்டாவதில் இருப்பது 1995இலும் முதன்முதலாகக் காட்டப்பட்டன. நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இவ்விரண்டில் ஒன்று பழுது. இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதி. இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. சிறுவனின் இரத்தத்தில் ஏ.எம்.எச். அறவே இல்லையென்றால் ஹார்மோன் மரபணுவில் பிழை. இயல்பான அளவில் இருந்தால் ஏற்பியில் பிழை. பூப்புப் பருவம் வரை ஆண் குழந்தைகளிடம் இந்த அளவு மிக உயர்வாக இருந்து பிறகு சரிந்துவிடும். சோதிப்பதென்றால் அதற்குமுன் சோதிப்பது நல்லது.

இரண்டு பிழைகளும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பழுதுபட்ட மரபணுப் படிகள் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுபவை. தாய்க்கும் தந்தைக்கும் ஒரு குறையும் இராது. பிறக்கும் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்குக்கு இரட்டைப் பழுது வாய்க்கும். அதிலும் ஆண் பிள்ளைகளிடமே நோய் தெரியும். அதே இரட்டைப் பழுதுள்ள சகோதரியின் உறுப்புகளில் கோளாறு இராது. ஒரு சிறுவனுக்கு இது கண்டறியப்பட்டால், அவனுடைய அண்ணன் தம்பிமாரின் விரைகளையும் பார்த்துவிட வேண்டும்.

இந்தவகை மரபு நீலகிரிக்குப் புதிய பாடமன்று. இந்தியாவில் அரிவாள் செல் இரத்தக்கோளாறு முதன்முதலாக அறியப்பட்டது இம்மலையின் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் அதை வெளியிட்டனர். கூடலூர்ப் பகுதியின் பணியர், குறும்பர் குடும்பங்கள் இரண்டு படி, ஒரு படி என்ற கணக்கை இன்று மருத்துவமனை வராந்தாவிலேயே கற்றுக்கொள்கின்றன. அரிவாள் செல் மரபணு மலேரியாவிலிருந்து காப்பளித்ததால் சில இனங்களில் பெருகியது, ஏ.எம்.எச். பிழைக்கு அப்படி ஓர் ஆதாயம் இல்லாததால் அது எந்த இனத்துக்கும் உரியதாகவில்லை, பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. இரண்டு பழுதான படிகளை ஒரே வீட்டில் சேர்த்துவைப்பது உறவுக்குள் மணம். தாய்மாமனுக்கோ மாமன் மகனுக்கோ பெண்ணைக் கொடுப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம்; 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் இம்மாநிலத் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் உறவுக்குள் நடந்தவையே. தோட்டத்து லைன் வீடுகளிலும் மலைக் கிராமங்களிலும் பெண் கேட்கும் வட்டம் இன்னும் சிறியது. உறவில் மணந்தவர்களின் பிள்ளை என்பது மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. அதைக் குற்றப்பத்திரிகை போல வாசிப்பதால் யாருக்கும் பயனில்லை.

அறுவை மேசையில் இது மூன்று கோலங்களில் தோன்றுகிறது. மிகுதியானது, ஒரு விரை இறங்கி அதன் பின்னே கருப்பையும் ஒரு கருக்குழாயும் குடலிறக்கப் பைக்குள் இழுபட்டு வந்திருப்பது. மறுபக்க விரைப்பை காலி. இரண்டாவது, இரு விரைகளும் ஒரே பக்கத்தில் இருப்பது. 1886இல் லென்ஹோசெக் விவரித்த இந்த விரைமாற்றம் கருப்பை இல்லாமலும் வரும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் முல்லேரியன் மிச்சமும் உடனிருக்கிறது. மூன்றாவது, இரு விரைகளும் வயிற்றுக்குள், சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் கிடப்பது. இம்மூன்றாம் வகையினருக்கு இரு பக்கமும் காலி. குடலிறக்கமே இல்லாமலும் இருக்கலாம்.

எதிர்பாராமல் இதைக் காணும் அறுவை மருத்துவருக்கு முதலில் எழும் ஆசை, தவறான இடத்தில் இருப்பதை வெட்டி எடுத்துவிடுவது. அந்த ஆசைக்கு இணங்கக் கூடாது என்பதே இத்துறையின் மிக முக்கியமான படிப்பினை. காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. விந்துக்குழாய் இந்த ஆண்களிடம் கருப்பையின் பக்கச் சுவரோடு ஒட்டி, சில இடங்களில் சுவருக்குள்ளேயே புதைந்து, கருப்பைக் கழுத்து வரை செல்கிறது. விரைக்குத் துணை இரத்தம் தரும் நுண்குழாய்களும் அதே சுவரை ஒட்டியவை. கருப்பையை அவசரமாக அகற்றும் கை, தெரியாமலே விந்துக்குழாயை அறுத்துவிடும். குடலிறக்கத்தோடு வந்தவர் கருத்தடை செய்யப்பட்டவராக வீடு திரும்புவார்.

ஏற்கப்பட்ட வழி பொறுமையானது. விரையா சினைப்பையா என்ற ஐயம் இருந்தால் அந்தச் சுரப்பியிலிருந்து மிகச் சிறு துண்டு சோதனைக்கு எடுக்கலாம். கண்டவற்றை வரைந்தோ படமெடுத்தோ பதிவு செய்து, எல்லாவற்றையும் இருந்த இடத்துக்கே திருப்பி, குடலிறக்கத்தைச் சரிசெய்து மூடிவிடலாம். குரோமோசோம் சோதனை, ஹார்மோன் அளவுகள், ஸ்கேன் ஆகியவை பிறகு. குடும்பத்தோடு பேசுவது அதற்கும் பிறகு. விரையைக் கீழே கொண்டுவரும் இரண்டாம் அறுவையைக் குழந்தை அறுவை நிபுணர் செய்வார். கருப்பை விரையை மேலே பிடித்துவைத்து இறக்க விடாதபோது, அதை நடுவே நெடுக்காகப் பிளந்து, விந்துக்குழாய் ஒட்டிய சுவரை அப்படியே விட்டு, விரைக்கு நீளம் தேடித் தரும் முறையும் உண்டு.

இறக்காமல் விடுவதற்கில்லை. வயிற்றுக்குள் தங்கும் விரையில் விந்தணு உற்பத்தி கெடும். அது எளிதில் முறுக்கிக்கொள்ளும். இந்த நோயாளிகளின் விரை பிடிப்பில்லாமல் தளர்ந்து ஊசலாடுவதால் அந்த ஆபத்து கூடுதல். புற்றுநோய் வாய்ப்பும் பெருகும். விரை இறக்கும் அறுவை செய்துகொண்ட 16,983 ஆண்களைப் பின்தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வு 2007இல் வெளிவந்தது. 13 வயதுக்குள் அறுவை நடந்தவர்களுக்கு விரைப் புற்றுநோய் வாய்ப்பு பொதுமக்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதற்குப் பிந்தியவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். இன்று பரிந்துரைக்கப்படும் வயது 6 மாதம் முதல் 18 மாதம் வரை. கீழே இறக்கப்பட்ட விரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பின்னாளில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும்.

கருப்பை மிச்சத்தை விடுவதா எடுப்பதா என்பதில் கருத்து இன்னும் இரண்டாகவே இருக்கிறது. விட்டுவிடலாம் என்பதே நெடுங்கால வழக்கம். அந்த மிச்சத்திலும் புற்றுநோய் வந்த சில நேர்வுகள் 2000க்குப் பின் வெளியானதால், உட்சவ்வை மட்டும் உரித்தெடுக்கலாம் என்று சொல்வோர் கூடியிருக்கிறார்கள். வளர்ந்த ஆண்களில் சிலருக்குச் சிறுநீரிலோ விந்திலோ இரத்தம் கலந்து வருவதும் உண்டு. விந்துக்குழாய்க்குச் சேதமின்றி எடுக்க முடியுமானால் எடுக்கலாம், முடியாதெனில் ஆண்டுதோறும் கண்காணிக்கலாம் என்பதே இரு தரப்புக்கும் இடையில் நியாயமாகத் தோன்றும் நிலை.

குடலிறக்கப் பை வெளிப்படுத்தும் பிழைகள் இது ஒன்றோடு முடிவதில்லை. இடப்பக்கத்துக்கே பெரிதும் உரிய ஒரு விந்தை, மண்ணீரல் துண்டொன்று விரையோடு ஒட்டி இறங்குவது. கருவின் ஐந்தாம் வாரம் தொட்டு மண்ணீரல் மொட்டும் இடப்பக்கப் பாலினச் சுரப்பியும் அக்கம்பக்கத்தில் வளர்கின்றன. இரண்டும் ஒட்டிக்கொண்டால் விரை புறப்படும்போது மண்ணீரலும் கூடவே வருகிறது. 1883இல் முதன்முதலாக எழுதப்பட்டது. ஆபத்தில்லாதது, ஆபத்து அதைப் பார்ப்பவரின் கண்ணில். கருஞ்சிவப்பான அந்தத் துண்டைக் கட்டி என்று கருதி, நல்ல விரையையே எடுத்துவிட்ட நேர்வுகள் பல. சிலரிடம் கை, கால் வளர்ச்சிக் குறையும் சேர்ந்து வரும். மூன்று விரைகள் இருப்பது இன்னோர் அரிய நிலை. கூடுதலான விரை கெட்டுப்போகாததாக இருந்தால் இன்று விட்டுவைத்துக் கண்காணிக்கிறார்கள்.

விரை இருந்து விந்துக்குழாய் இல்லாமல் போவது இவற்றைவிட அடிக்கடி நேர்வது. ஆனால் எளிதில் தவறவிடப்படுவது. குடலிறக்க அறுவையில் விரைநாணைக் கையில் பிடிக்கும் மருத்துவர் விறைப்பான நூல்போன்ற ஒரு குழாயை விரல்களுக்கிடையில் உணர வேண்டும். ஒரு பக்கம் அது இல்லையென்றால், அந்தப் பக்கத்துச் சிறுநீரகமே பிறவியில் இல்லாமல் இருக்கலாம். ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் தெரிந்துவிடும். இரு பக்கமும் இல்லையென்றால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல், கணைய நோயின் மரபணுவில் மாற்றம் இருக்கக்கூடும். இவர்களின் விரையில் விந்தணு உற்பத்தி நடக்கிறது. வெளிவர வழி இல்லை. விந்தணு ஒன்றை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை 1992இல் வந்தபின் இவர்களும் தந்தையாக முடிகிறது. அறுவைக் குறிப்பில் எழுதப்படும் ஒரே வரி, இருபது ஆண்டு கழித்துக் குழந்தையில்லாத தம்பதிக்குப் பல்லாயிரம் ரூபாயும் பல மாத அலைச்சலும் மிச்சமாக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பெண் குழந்தையின் குடலிறக்கத்தைத் திறந்தால் உள்ளே விரை இருப்பது. ஆண் ஹார்மோனை உடல் உணராததால் ஆண் குரோமோசோமோடு பெண்ணாகவே வளரும் நிலை அது. 1953இல் ஜான் மாரிஸ் விரிவாக விவரித்தார். குடலிறக்கத்துக்கு வரும் சிறுமிகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் இப்படி இருக்கக்கூடும். இங்கேயும் முதல் விதி அதேதான்: மேசையில் வைத்து எதையும் அகற்றக் கூடாது.

இத்தகைய உடல்களில் அவசர அறுவை கூடாது என்பது தமிழ்நாட்டில் மருத்துவ நெறி மட்டுமன்று. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு, இடைப்பாலினக் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் நோக்கிலான அறுவைகளைத் தடை செய்யும்படி அரசுக்குக் கட்டளையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலைகள் மட்டும் விலக்கு. முல்லேரியன் மிச்சமுள்ள சிறுவனின் பாலினத்தில் ஐயமே இல்லை. அவனுடைய விரையை இறக்குவது பாலினத்தை மாற்றும் அறுவையும் அன்று. தீர்ப்பின் உட்பொருள் மட்டும் அவனுக்கும் பொருந்துகிறது: திருப்பிச் சரிசெய்ய முடியாததை, உரியவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

கேட்பதற்கும் சொல்வதற்கும் சொற்கள் வேண்டும். ‘உனக்குக் கர்ப்பப்பை இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியம் இளைஞன் ஒருவனின் திருமணத்தையே நிறுத்திவிடும். ‘குழந்தை உருவாகும்போது மறைய வேண்டிய ஒரு குழாய் மறையாமல் தங்கிவிட்டது’ என்பது அதே உண்மை, கூடுதலாகத் துல்லியமும்கூட. ஆணின் வயிற்றில் கருப்பை என்று செய்தித்தாள்கள் அவ்வப்போது போடும் தலைப்புகள், நோயைக் கண்காட்சிப் பொருளாக்குகின்றன. பத்து வீடு சேர்ந்த லைனில் ஒரு வீட்டுச் செய்தி சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். தோட்ட ஆஸ்பத்திரியில் ஊழியர்களும் அதே லைன்காரர்கள் என்பதால், ரகசியம் காப்பது இங்கே பெருநகரத்தைவிடக் கடினம். அதனாலேயே அதிகம் தேவை.

நீலகிரியில் பார்க்க ஆள் இல்லை என்று இன்று சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட உரிமையாளர்களை மருத்துவ வசதிக்குப் பொறுப்பாக்கியது. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு 1990இல் தொடங்கியது. பழங்குடியினரையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றி வீடு வீடாக அனுப்புகிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில். குழந்தை அறுவைக்கு மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்க வேண்டியிருந்தாலும், குடலிறக்கம் ஏதும் அவசரமாகாத வரை அந்தப் பயணத்துக்கு நாள் குறிக்க அவகாசம் உண்டு.

குறை வேறிடத்தில். பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் கோளாறு, பிறவிக் கண்புரை என ஒன்பது குறைகள் இருக்கின்றன. இறங்கா விரை இல்லை. பெற்றோர் தாமாகக் கவனித்தால் உண்டு. குளிர் மிகுந்த உதகையில் அதிலும் ஒரு சிக்கல்: குளிரில் தசை சுருங்கி, நல்ல விரையும் மேலே ஏறிக்கொள்ளும். குழந்தையை வெதுவெதுப்பான அறையில், கையைச் சூடாக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். வெந்நீரில் குளிப்பாட்டும் நேரம் மிக நல்லது. வெந்நீரில் குளிப்பாட்டும்போது இறங்கித் தெரியும் விரைக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. அப்போதும் தெரியாத விரையை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

குடலிறக்கத்தோடு வரும் எந்த ஆணுக்கும், எந்த வயதானாலும், மறுபக்க விரைப்பையையும் தொட்டுப் பார்க்காமல் தேதி குறிப்பது பாதிப் பரிசோதனை. ஆண் குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போடும் கிராமச் சுகாதாரச் செவிலியர், ஊசி போட்ட கையோடு இரு பக்க விரையும் இருக்கின்றனவா என்று பார்த்து அட்டையில் எழுதட்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் ஆறு மாதத்தில் மீண்டும் பார்த்து, அப்போதும் காலி என்றால் அனுப்பிவைக்கட்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், அரைநிமிடம் போதும்.